மூன்றாம் தாளில் இருந்த r

ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை 6.20. பதினோரு தாள்கள், எல்லாம் உன் கணக்கு. உன் அம்மா நேற்று கொண்டுவந்து தந்த ஃபைலில் எண்ணிப் பார்த்தேன். "இதெல்லாம் ஒனக்குத்தான் தம்பி வெளங்கும். ரெண்டாவது தொட்டி கட்டப்போறாங்களாமே, வச்சுக்க" என்றார். பூச்சி உருண்டை நாற்றம். தும்மிக்கொண்டே புரட்டியவன் மூன்றாம் தாளில் நின்றுவிட்டேன். கண்டி பஸ் போய்விட்டது.

செத்தவன் மேல் கோபம் கூடாது என்கிறார்கள். எனக்கு இருக்கிறது. இன்றைக்கு இரண்டு மடங்கு.

அப்போது நாம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். கீழ் லயத்து வீட்டு வரிசைகளுக்குத் தேயிலைத் தோட்டத்து ஆட்களே தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். ஆரம் இரண்டு மீற்றர், அடி கிண்ணம் போல் குழிந்தது. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று தோட்டத் தலைவர் நம் இருவரிடமும் கேட்டார். வட்டமான தொட்டி, உருளை ஆள்கூற்றில் மும்மைத் தொகையீடு, தொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கூட்டுகிற கணக்கு. நீ தொகையீட்டை எழுதி, தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினாய். நான் கலஹா பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே அதைச் செய்து முடித்து, இறங்கியதும் தலைவரிடம் சொன்னேன்: இருபதாயிரத்துத் தொள்ளாயிரம் லீற்றர்.

அந்த எண்ணை வைத்துத்தான் லயம் லயமாகத் தண்ணீர் பிரித்தார்கள். கடைசி லயத்துப் பீலிக் குழாயில் காற்றுதான் வந்தது. இருநூறு லீற்றர் பீப்பாயால் அளந்து பார்த்தார்கள். தொண்ணூற்று நான்கோடு தொட்டி நிரம்பிவிட்டது. இரண்டாயிரம் லீற்றர் குறைவு.

கோயில் முன்னால் தலைவர் கேட்டார்: "படிச்ச புள்ளைங்க, என்னப்பா கணக்கு இது?"

"கணக்கு எழுதுனது அவன்" என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

அதோடு உன் பெயர் போனது. "ஏய் ரெண்டாயிரம், தண்ணி வருமாடா?" நீயும் சிரித்துக்கொண்டு "வரும்ணே, மழ பெஞ்சா வரும்" என்பாய். ஒரு தடவை பேராதனை பஸ் தரிப்பிடத்தில் என்னை மறித்தாய்.

"மச்சான், அந்த மூணாந்தாள ஒருக்கா பாரு."

"நீயே பாரு. ஒன்னாலதான் நானும் நாறிப்போனேன்."

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. எட்டு மாதம் கழித்து, மழையில், கலஹா ரோட்டு வளைவில் உன் பைக் சறுக்கியது. உன்னைப் பாடையில் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட ஒருவன், "பாவம்டா, நம்ம ரெண்டாயிரம்" என்றான். உன் அம்மா காதில் விழுந்தது. நானும் கேட்டேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

இப்போது அந்தத் தாள் என் மடியில். தொகையீட்டுக்குள் r இருக்கிறது. சிவப்புப் பேனையால் சுழித்திருக்கிறாய். முதலாம் வருடத்தில் எனக்கு இதை ரொட்டியில் காட்டியவன் நீ: "நாலா வெட்டுடா. நடுவுல கூரு, ஓரத்துலதான் அகலம். அந்த அகலந்தான் r. விட்டா செத்த." பஸ்ஸில் நான் அதைத்தான் விட்டேன். அலகு எழுதியிருந்தால் கன மீற்றர் வரவில்லை என்று அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். வரிக்கு வரி அலகு எழுதுபவன் நீ. எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

தாளின் பின்பக்கம் r இல்லாமல் என் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாய். 20.94. பக்கத்தில்: "மடையன், r-ஐ முழுங்கிட்டான்." கீழே சரியான விடை: 18.85 கன மீற்றர்.

தெரிந்திருக்கிறது. ஒருக்கா சொன்னால் போதுமா? சட்டையைப் பிடித்து, தாளை என் மூஞ்சியில் தேய்த்திருக்க வேண்டாமா? என்னைக் காப்பாற்று என்று உன்னிடம் யார் கேட்டது? பெரிய மனிதன் வேஷம் போட்டுவிட்டு நீ போய்விட்டாய். உன் பெயரோ இன்னும் லயத்தில் கிடந்து மிதிபடுகிறது. அதை எடுக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். இனிச் செய்ய வேண்டியவை:

1. ஞாயிறு கோயில் கூட்டத்தில், இரண்டாம் தொட்டிப் பேச்சு எடுக்கும் முன், இந்தத் தாளைக் காட்டி r-ஐ விட்டது நான் என்று சொல்வது.
2. அதற்கு முன் நாளையே உன் அம்மாவிடம் சொல்வது. அடித்தால் வாங்கிக்கொள்வது.
3. புதுத் தொட்டியின் கணக்கை உட்கார்ந்து போடுவது. வரிக்கு வரி அலகு.
4. லயத்தில் எவனாவது "ரெண்டாயிரம்" என்றால், என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்ப்பது.