சின்னவளுக்கு இறுக்கிய மோதிரம்

பெரியவளே,

நீ எழும்போது நாங்கள் ஆராதனையில் இருப்போம். உன் அலாரத்தை நிறுத்திவிட்டேன். காரையும் நியூட்ரலில் போட்டுத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வேன், சத்தமே வராது.

சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. வாசல் பூட்டை வெளியிலிருந்து இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போகிறேன், உள்ளிருந்து திறக்காது. ஊசி விட்டுக் குடையாதே, உள்ளே ஸ்பிரிங் கெட்டுவிடும்.

ஆராதனை முடிந்ததும் ஏரிக்கரையில் சாப்பாடு, மாலையில் நிச்சயம். நீ வேண்டாமென்ற பையன்தான் சின்னவளுக்கு. "அவன் என்னை அறைஞ்சான்பா"ன்னு நீ சபை நடுவில் ஆரம்பித்தால் மானம் போகும் என்கிறாள் அம்மா. உனக்குக் காய்ச்சல் என்று போதகரிடம் சொல்லியாயிற்று. எல்லாரும் ஜெபிப்பார்கள்.

உன் அளவுக்குச் செய்த மோதிரம் அவளுக்குத் தொளதொளவென்றிருந்தது. அடிப்பக்கம் நூல் சுற்றினேன். வியர்வையில் நூல் ஊறிப் பருத்து விரலைக் கவ்விக்கொள்ளும். பிறகு லேசில் கழலாது.

அப்பா

பி.கு.: ஃபிரிட்ஜில் பால் இருக்கிறது, காய்ச்சிக் குடி.

இன்னொன்று. "அக்கா வரலையாப்பா?" என்று சின்னவள் இப்போதுதான் கேட்டாள். "அவளுக்கு உன்மேல பொறாமைம்மா" என்றேன். நம்பிவிட்டாள்.