குருட்டு எண்ணெய் கொடுத்த கண்

மாப்பிள்ளை,

இன்று காலை உன் மகன் மோட்டார் ரூமில் பழைய எஞ்சினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். உள்ளங்கையில் கொஞ்சம் வாங்கி முகர்ந்தேன். நீ நினைவில் வந்து நின்றுவிட்டாய். உன் கண் மங்கிக் கிடந்த காலத்தில், நான் உன் வெற்றிலைக் கொடிக்கால் வரப்பில் கால் வைத்ததுமே உள்ளிருந்து குரல் கொடுப்பாய்: "டீசல் நாத்தம் அடிக்குது. பெரிய மனுசன் வந்துட்டானாட்ட இருக்குது."

பெரிய மனுஷன்தான், அதிலென்ன சந்தேகம்? கொச்சியிலிருந்து நான் டேங்கர் ஓட்டி வராவிட்டால் நாமக்கல்லில் ஒரு லாரியும் நகர்ந்திருக்காது. அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை மேனேஜரே என் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். பூமிக்குள்ளிருந்து வரும்போது கச்சா எண்ணெய் வெறும் கறுப்புக் குழம்பு. தான் என்னவாகப் போகிறோம் என்று அதற்கே தெரியாது. அதனால்தான் குருடாயில் என்று பெயர் வைத்தார்கள் என்று உனக்கு விளக்கினேன். காய்ச்சக் காய்ச்ச அதற்குக் கண் திறக்கும். மேலே கேஸ், அப்புறம் பெட்ரோல், சீமெண்ணெய், டீசல், அடியில் தார். உன் வீட்டு அடுப்பு, பிளாஸ்டிக் குடம், நைலான் கயிறு, செருப்பு, உன் சம்சாரம் நெற்றியில் ஒட்டுகிற பொட்டுவரை அத்தனையும் நான் போட்ட பிச்சை என்றேன். அப்போ வெற்றிலையுமா என்று மடக்கினாய். அதைச் சந்தைக்குக் கொண்டுபோகிற வண்டி எதில் ஓடுகிறது என்று உன் வாயை அடைத்தேன்.

பிறகு உனக்குக் கண்புரை முற்றியது. கொழுந்தையும் முற்றிய இலையையும் சேர்த்துக் கிள்ள ஆரம்பித்தாய். "நீங்க இனிக் கொடிக்காலுக்கு வர வேண்டாமுங்கப்பா" என்று மகன் பக்குவமாகத்தான் சொன்னான். அதற்கப்புறம் உனக்குச் சோறு இறங்கவில்லை. ஆப்பரேஷன் என்றாலோ நடுக்கம். கத்தி பட்டால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்றாய்.

நான் விடவில்லை. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் ஒருவகை பிளாஸ்டிக். பிளாஸ்டிக் வருவது என் குருடாயிலிலிருந்து என்றேன். "குருட்டு எண்ணெய்க்கே கண்ணு தொறக்குது, உனக்குத் தொறக்காதா மாப்ளே?" நீ இருமல் வரும்வரை சிரித்தாய். அடுத்த வாரம் சேலத்துக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே நர்ஸம்மாவிடம் நீ தனியாக ஒரு சந்தேகம் கேட்டாய். "ஏனுங்க, எண்ணெயில செஞ்சதுங்கறான் இவன். நாம்பாட்டுக்குப் பீடி பத்த வெச்சா கண்ணும் பத்திக்குமுங்களா?" அந்தப் பெண் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. கண் பற்றாது, ஆனாலும் பீடியை விடுங்கள் என்றது.

உன்னை உள்ளே கூட்டிப்போனதும் எனக்கு ஒரு கதையும் ஓடவில்லை. என் வாயை நம்பித்தானே வந்தாய்? பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், ஏதாவது ஆகிவிட்டால் உன் சம்சாரத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். நீ சுவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாய்.

"ஏன் மாப்ளே, உன்ற கண்ணு இப்பிடிச் செவந்து கெடக்குது?"

பஸ்ஸில் வந்த புழுதி என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"இனி எங்கிட்டப் பொய் சொல்லாத. எனக்குக் கண்ணு தெரியுது."

அதற்குப் பிறகு உயிரோடு இருந்த காலமெல்லாம் நீ கொடிக்காலில்தான் இருந்தாய். போன மாசிவரை நீ கிள்ளிய வெற்றிலையைத்தான் நான் மென்றேன். இப்போதும் டீக்கடையில் கதை அளக்கிறேன். அந்தக் கதையில் நம் ஆலை மேனேஜர் இப்போது மந்திரிக்கே யோசனை சொல்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டார். ஆனால் நீ அன்று சொன்னதைச் சொல்லும்போது மட்டும் ஒரு வார்த்தை கூட்டுவதில்லை. கூட்ட அதில் இடமில்லை, மாப்பிள்ளை.