தண்ணீர் ஊற்றாத குழி

கோயம்புத்தூர்
3.7.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் ஜூன் மாத மீட்டர் அளவுத் தாள் வந்தது. போனில் எண்ணைச் சொன்னால் தங்கச்சி மாற்றிக் குறித்துவிடுவாள் என்று மாதாமாதம் தபாலில் அனுப்புகிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். கையெழுத்துதான் கோழி கிளறியது போல இருக்கிறது.

நல்ல செய்தி. நம் காட்டில் சீமைக் கருவேலங்கரியும் களிமண்ணும் கலந்து போட்டோமே எர்த் குழி, அதைப் பற்றிய என் கட்டுரையை ஆய்வு இதழில் அநேகமாக எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் பேராசிரியர் பதவிக்கு நேர்முகம். கட்டுரை கையில் இருந்தால் பதவி எனக்குத்தான். பதினெட்டு வருடம் எலெக்ட்ரிக்கல் பாடம் நடத்தியவளுக்கு அடக்கமாகச் சொல்ல வராது.

ஒரு வரி வேண்டும். என் குழிக்கும் பக்கத்தில் உப்புப் போட்ட பழைய மாதிரிக் குழிக்கும் கோடை முழுக்க யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். தண்ணீர் இல்லாமலே, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் என்பதுதான் கட்டுரையின் உயிர். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
நாகஜோதி

பந்தல்குடி
9.7.2023

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

ஊற்றினேன் ஜோதி. ஒவ்வொரு தரமும் மீட்டர் வைக்கும் முன்பு உன் குழிக்கு மட்டும் இரண்டு குடம். வயர்மேன் வேலையில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் குழியை நனைத்துவிட்டுத்தான் அளக்கவிடுவோம். எண் குறைந்தால் நல்ல குழி என்று நீயும் சொன்னாய். தங்கச்சி பரீட்சை எழுதுகிறாள், அண்ணன்காரன் சும்மா நிற்பதா என்று தோன்றிவிட்டது. பழைய குழிக்கு ஊற்றவில்லை. அது எதிராளிக் குழி ஆயிற்றே.

உன் மதினி தலையில் அடித்துக்கொண்டாள். “படிச்ச பிள்ளைக்குப் போயி பிட்டு குடுத்திருக்கீகளே!” என்றாள்.

ஊற்றவில்லை என்று எழுதித் தரச் சொன்னால் தருகிறேன். உனக்காக அந்தப் பொய்யை நான் சுமந்துகொள்கிறேன்.

அண்ணன்,
மருதுபாண்டி

கோயம்புத்தூர்
16.7.2023

அண்ணனுக்கு,

கோபம் தணிய நான்கு நாள் ஆனது. நல்லது செய்கிறேன் என்று என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டீர்கள். அழுதேன், திட்டினேன். நீங்கள் எதிரில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பொய் வேண்டாம். என் எழுத்தை நம்பி எங்கோ ஒருவர் இந்தக் குழியைப் போட்டு, கோடையில் மோட்டாரைத் தொட்டு ஷாக் அடித்து விழுந்தால் எனக்கு எந்த நாற்காலி இருந்து என்ன? கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். “ஒரு மாசம் பேசாம இருந்திருக்கலாமேம்மா” என்றார் துறைத்தலைவர் சங்கரலிங்கம். பதவி இந்த முறை இல்லை. அதற்காக நான் சின்னவளாகிவிடவில்லை.

அடுத்த கோடையில் மறுபடி அளக்க வேண்டும். வேறு ஆள் வைக்கச் சொல்கிறார்கள், மறுத்துவிட்டேன். தன் தப்பைத் தானே எழுதி அனுப்புகிற ஆள் எனக்கு எங்கே கிடைப்பார்? நீங்களே அளங்கள்.

ஜோதி

பந்தல்குடி
2.6.2024

அன்புத் தங்கச்சிக்கு,

மே மாதத் தாள் இத்துடன். ஜனவரியில் மறுபடி அளக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு சொட்டு ஊற்றவில்லை. கரிசல் வாய் பிளந்து கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது. மீட்டரை நான் பிடித்தேன். எண்ணை உன் மதினியை வாசிக்கச் சொன்னேன், எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை.

பழைய குழி 11.6 ஓம். உன் குழி 4.3.

போன வருடம் நனைத்து வாங்கிய 2.1 இல்லைதான். ஆனால் ஐந்துக்குள் இருந்தால் எந்த இன்ஸ்பெக்டரும் வாய் திறக்க மாட்டார். மூன்று தரம் அளந்தோம், அதேதான். “இதுக்குப் போயா கொடம் கொடமா சுமந்தீக?” என்று கேட்டாள் உன் மதினி. காட்டிலேயே அழுதுவிட்டேன்.

தைரியமாக எழுதி அனுப்பு. போன வருடமே நீ ஜெயித்திருப்பாய் ஜோதி. உன் குழியை நம்பாமல் போனவன் நான் ஒருவன்தான்.

அண்ணன்,
மருதுபாண்டி