மேல்மாடத்திலிருந்து ஒரு குரல்

அலிபாக் அருகிலிருந்து,
ஞாயிறு கழிந்த புதன்.

அன்புள்ள ஹனோக் அண்ணாவுக்கு,

இஸ்ரேலில், அஷ்தோத்தில் நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் வருஷ நினைவு நாள் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அப்படி முடியவில்லை. அப்பாவுக்காக நீ சொல்ல வேண்டிய கத்தீஷ் ஜெபத்தை யாரும் சொல்லவே இல்லை.

நீ வரவில்லை என்றதும் ஷிம்ஷோன் சித்தப்பா உன் இடத்தில் நின்று சொல்வதாக ஏற்பாடு. பத்து ஆண்கள் இல்லாமல் கத்தீஷ் சொல்லக் கூடாதே, ஜெபாலயத்தில் அத்தனை பேர் சேரவும் வழி செய்திருந்தோம். அலிபாக்கிலிருந்து எலியேசர் மாமா பஸ்ஸில் வருவதாக இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டே போனது, ஆளைக் காணோம். கூட்டம் சேர்ந்துவிட்டதா என்று சித்தப்பா பார்த்தார். ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாதே. வழக்கம்போல அந்தப் பத்துச் சொல் எபிரேய வசனத்தை, தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசித் தலையில் வசனமும் முடிந்தது. "ஆச்சு, ஆரம்பிக்கலாம்"னு புத்தகத்தைத் திறந்தார்.

நான் மேலே, பெண்கள் மாடத்தில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் தொப்பிகள்தான் தெரியும். அவசரத்தில் அவர் நடுவிலிருந்த 'எத்' என்ற குட்டிச் சொல்லை அடுத்த சொல்லோடு ஒட்டி ஒரே தலையில் வைத்துவிட்டார். கீழே ஒன்பது பேர்தான்.

கல்லூரியில் மூன்று வருஷம் ஒரு கேள்வி கேட்க வாய் வராதவள் நான். அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது. "சித்தப்பா, ஒருத்தர் குறையுது"ன்னு சொல்லிவிட்டேன்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். "ஏம்மா, ஆம்பளைங்க தலையை மேல இருந்து கணக்கெடுக்கத்தான் காலேஜுக்கு அனுப்பினமா?"ன்னு சித்தப்பா கேட்டார். யாரோ சிரித்தார்கள். மறுபடி நிதானமாகச் சொன்னார். கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லை. "சரி, இறங்கி வந்து நீயே பத்தாவதா நில்லேன்"னு கிண்டல் வேறு. நின்றால் மட்டும் ஆகிவிடுமா, பெண்ணாயிற்றே? அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் எழுத்துக்கூட்டித்தான் ஜெபம் படிக்கிறார்கள். நான் தடுமாறாமல் படிப்பேன். அப்பாதான் கற்றுக்கொடுத்தார்.

பஸ் வழியில் பழுதாம். நன்றாக இருட்டியபின் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். அம்மா தேங்காய்ப்பால் ஊற்றி வைத்திருந்த ஆட்டுக்கறியைத் தொட ஆளில்லை. "நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா உங்கப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்டி"ன்னு அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள்.

ஒன்பது பேரை வைத்துப் பத்து என்று சொன்னால் அது போய்ச் சேருமா அண்ணா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. சித்தப்பா மேல், அந்த பஸ் மேல். உன் மேலும்தான். லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. நீ வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க வேண்டாம்.

உன் ஊரில் தெருமுனைக்குப் போனாலே பத்துப் பேர் கிடைப்பார்கள். நாள் தவறினாலும் பரவாயில்லை, போய்ச் சொல். அப்பா பெயரை முழுசாகச் சொல்: தானியேல், ஹஸாஜியின் மகன். சொல்லி முடித்ததும் அம்மாவுக்குப் போன் செய். அப்படியே, கெத்தூரா செய்தது தப்பில்லை என்றும் ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் அது கணக்கில் வரும்.

கடவுள் உன் வீட்டு வாசலைக் காக்கட்டும்.

உன் தங்கை,
கெத்தூரா