சலேஹாவுக்குச் சொல்லாத பாஸ்வேர்ட்

கெலுகோர், பினாங்கு
26.10.1995

அன்பு மகள் ஞானாவுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் சுகம், அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர. லண்டன் குளிர் உன்னை எப்படி வைத்திருக்கிறது? அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, பெட்டியிலேயே வைத்திருக்கிறாயா? தீபாவளி நீ இல்லாமல்தான் போனது. முறுக்கு இந்த முறை கல்லாகிவிட்டது, அப்பா காப்பியில் நனைத்துத் தின்றார்.

போன மாதம் நான் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை, கோபம் என்று தெரியும். மாஸ்டர்ஸ் முடித்தது போதாதா, கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குத் தனியாக ஒரு சர்டிஃபிகேட் பரீட்சை எதற்கு, அதற்காக இன்னும் ஒரு வருஷம் அங்கேயா, கம்ப்யூட்டருக்கு வாசல் காக்கும் ஜாகா வேலை பார்க்கவா உன்னை அனுப்பினோம் என்றெல்லாம் எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் கப்பல் சரக்கு ஆபீஸ் வழக்கம் உனக்குத் தெரியாது. தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் நான் லீவு போட்டால் என் பாஸ்வேர்டை அடுத்த மேசை சலேஹாவிடம் கொடுத்துவிட்டு வருவேன், அவள் என் வேலையையும் பார்த்துவிடுவாள். நோன்புப் பெருநாள் ஹரி ராயாவுக்கு அவள் தன்னுடையதை என்னிடம் கொடுப்பாள், சீனப் பெருநாளுக்கு எதிர் மேசை லிம் எங்கள் இருவரிடமும் கொடுப்பார். நாலு வருஷமாக இப்படித்தான், கொடுக்காவிட்டால் மனஸ்தாபம். இரண்டு வாரத்துக்கு முன் கோலாலம்பூரிலிருந்து ஹாஜரா என்று ஒரு பெண் கம்ப்யூட்டர்களைச் சோதிக்க வந்தாள். தமிழ் முஸ்லிம் பெண், உன் வயதுதான் இருக்கும். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, உங்கள் பாஸ்வேர்ட் வேண்டாம், பக்கத்து மேசைக்காரருடையதை எழுதுங்கள் என்றாள். எங்கள் ஒற்றுமையைப் பார்க்கட்டும் என்று பெருமையாக எழுதிக் கொடுத்தோம். ஏழு பேர், ஏழும் சரி. பிறகு சலேஹாவின் மெஷினில் உட்கார்ந்து, சலேஹா எழுதிக் கொடுத்த என் பாஸ்வேர்டைப் போட்டு, துறைமுகத்தில் நிற்கும் ஒரு கண்டெய்னரை விடுவிக்கும் உத்தரவை அடித்துக் காட்டினாள். நாலே நிமிஷம். கீழே, அனுமதித்தவர் பத்மாவதி என்று என் பேர். நான் தேத்தண்ணியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். அனுப்பாமல் அழித்துவிட்டாள், ஆனால் நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு என் பேர் போய்விட்டதா என்று திரையை இரண்டு தரம் பார்த்தேன். இருபத்தாறு வருஷமாக என் கையெழுத்தில் ஒரு பிசகு வந்ததில்லை ஞானா.

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. அக்கா, நீங்க சலேஹா அக்காவ நம்புறது தப்பில்லலா, ஆனா நாளைக்கு ஏதாவது ஒண்ணு காணாம போனா உங்க ரெண்டு பேரையும்தான் சந்தேகப்படுவாங்க என்றாள். என்ன படித்தாய் என்று அவளைக் கேட்டேன். ஞானா, நீ படித்த அதே படிப்பு, நீ எழுதக் கேட்கும் அதே பரீட்சை. தெரிந்துகொண்டதைக் கெட்டதுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்தச் சர்டிஃபிகேட் தருவார்களாம். எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. என் வயிற்றில் பிறந்தவளா இவ்வளவு பெரிய காரியம் படிக்கிறாள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. தெரியாமல் பேசிவிட்டேன். அந்தப் பரீட்சையை எழுது. எழுதி முடித்துவிட்டே வா, அப்பாவுக்கும் சம்மதம்.

தீபாவளி லீவுக்கு முன்தினம் சலேஹா வழக்கம்போல வந்து நின்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனது. பிறகு அவளே சிரித்து, ஹரி ராயாவுக்கு நானும் சொல்ல மாட்டேன், பார்த்துக்கோ என்றாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதே. என் பழைய பாஸ்வேர்ட் உன் பேர்தான். ஹாஜரா சொன்னபடி அதை எடுத்துவிட்டேன். ஆனால் காலையில் எட்டரைக்கு உட்கார்ந்தால் விரல் தானாக உன் பேரைத்தான் அடிக்கிறது, தவறு என்கிறது மெஷின். தினமும் உன்னை ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

அம்மன் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். கம்பளிச் சட்டையை மறக்காதே. புதுப் பாஸ்வேர்ட் என்னவென்று மட்டும் கேட்காதே, உனக்கும் சொல்ல மாட்டேன்.

ஆசியுடன்,
அம்மா பத்மாவதி விஸ்வலிங்கம்