ஹெட்போனுக்குள் வாசித்த தம்பிக்கு

என் அன்புச் சவரி,

நேற்று உன் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இனிமேலாவது உட்கார்ந்து உன்னை நன்றாகத் திட்டலாம் என்று பேனாவை எடுத்திருக்கிறேன். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு உன்னைப் போல ஒரு தம்பி இருந்திருக்க மாட்டான்.

இந்தக் கடிதத்தை அச்சில் கொடுக்கப் போகிறேன். தலத்தெரு வீட்டுக்குள் நாம் இரண்டு பேர் மட்டும் பேசிப் பேசி என்னத்தைக் கண்டோம்? நீ பூட்டி வைத்ததையெல்லாம் ஊர் முன்னால் போட்டு உடைக்கிறேன். கோபம் வந்தால் எழுந்து வந்து என்னைக் கேள்.

ஒன்பது வருஷம் உன் அறையிலிருந்து நான் கேட்டது என்ன தெரியுமா? மரச் சத்தம். நெரவியில் மோட்டார் ரீவைண்டிங் கடையை மத்தியானம் ஒரு மணிக்குச் சாத்திவிட்டு வருவாய். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாய். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவாய். அப்புறம் மேலே டக்கு டக்கென்று பிளாஸ்டிக் கட்டை, கீழே தொம் தொம்மென்று பலகை. பக்கத்து அறையில் நான் கால் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பேன். உன் தொம்முக்கு என் கால் தப்பி எத்தனை கைப்பட்டியைப் பிரித்துத் தைத்திருக்கிறேன். சத்தம் போட்டால், "ஒம் மிஷினுக்கு இது தேவலாம்க்கா" என்பாய்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு பழைய கோவிலில் இருக்கிற குழாய் ஆர்கன். அதன் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே ஊதவிட்டுப் பதிவு செய்து கம்ப்யூட்டருக்குள் போட்டிருக்கிறார்கள். இங்கே தலத்தெருவில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தக் குழாய் பேசும். நீ வாசிப்பது பரோக் இசை, முந்நூறு வருஷத்துப் பழசு என்றாய். பழைய கீபோர்டு இரண்டை வாங்கி, நீயே வெல்டு வைத்த ஸ்டாண்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாய். காலால் வாசிக்கும் பலகைகளைத் திருவேட்டக்குடியில் படகு கட்டும் ஆசாரியிடம் செய்து வாங்கினாய். "இது எந்தப் படகுக்குண்ணே?" என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு எனக்கு வாசித்துக் காட்ட மட்டும் உனக்குத் தோன்றவில்லை.

"எப்படா கேக்க விடுவ?" என்று எத்தனை தடவை கேட்டேன்.

"இன்னும் சரியா வரலக்கா. முழுசா ஒரு தடவ தப்பில்லாம வரட்டும்."

முழுசா. அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள். அதற்கு வருகிறேன்.

நீ ஏன் ஹெட்போனுக்குள் போய் ஒளிந்தாய் என்று ஊருக்குத் தெரியும். நீயாக என்னிடம் சொன்னதில்லை. நம் கோவில் பாடற்குழுவில் நீதான் கீபோர்டு. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்மஸ் பயிற்சியில், நீ வாசிக்க வாசிக்கக் குழுத் தலைவர் செல்வராசு வந்து ரிதம் பட்டனை அழுத்தினார். டும் டக்கா டும் டக்கா என்று மேளம் தானாக அடித்தது. நீ அணைத்தாய். அவர் மறுபடி போட்டார். நீ மறுபடி அணைத்தாய். மூன்றாவது தடவை, சின்னப் பிள்ளைகள் முன்னால், "நீ வாசிக்கிறது எழவு வீட்டு வாசிப்பு. கோவிலுக்கு ஆவாது. போயி மோட்டாரச் சுத்து" என்றார். நீ ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, கீபோர்டை அதன் துணியால் மூடிவிட்டு வந்தாயாம். துணியை எதற்கடா மூடினாய்? தூக்கி அவர் காலில் போட்டிருக்க வேண்டாமா? உன் பொறுமையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நீ இருந்தாய். அந்த மழையில் நனைந்து ஜுரம் கண்டது நான்.

நம் வீட்டு வழக்கம் ஒன்று இருந்தது, இல்லையா? இரண்டு மணிக்கு நான் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வேன். போட்டுவிட்டு, கரண்டிக் காம்பால் ஹெட்போனைத் தாண்டிக் கேட்கும்படி உன் கதவை மூன்று தட்டு தட்டுவேன். உள்ளேயிருந்து ஒரே ஒரு தொம். வருகிறேன் என்று அர்த்தம். அடுத்த நிமிஷம் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவாய். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்று எத்தனை நாள் முணுமுணுத்திருக்கிறேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் தட்டியது கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து எனக்குத் தலைவலி. "அந்த மரத்தப் போட்டு ஒதைக்கிறத நிறுத்துடா, மண்ட பொளக்குது" என்று கத்தினேன். ஒரு தொம். வந்தாய். கறிக்குழம்பு நன்றாக இருக்கிறது என்றாய். மறுநாள் காலையில் கடையில் சரிந்துவிட்டாய். நெஞ்சு வலிக்கிறது என்று உன் சிநேகிதன் நாசரிடம் இரண்டு மாதமாகச் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. "அக்கா பயந்துக்கும்" என்றாயாம். இப்போது நான் பயப்படாமல் எவ்வளவு சௌகரியமாக இருக்கிறேன், வந்து பார்.

நாசரைப் பற்றி ஊருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். துபாயில் சவுண்ட் சிஸ்டம் போடும் வேலையில் இருந்துவிட்டு வந்து, இங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். உனக்கு இந்த ஆர்கனைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பூட்டிக் கொடுத்ததும் அவன்தான். உன்னை அடக்கம் செய்த எட்டாம் நாள் அவனைக் கூப்பிட்டு, "இதெல்லாத்தையும் தூக்கிட்டுப் போப்பா, கண்ணுல படக் கூடாது" என்றேன். அதற்கு முன்பே ஆத்திரத்தில் உன் கால் பலகைகளை இழுத்து வாசலில் சாத்தியிருந்தேன். ஏணி விற்கிறீர்களா என்று ஒருத்தர் கேட்டுவிட்டுப் போனார்.

நாசர் அறைக்குள் போனான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் உனக்குத் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெரிய ஸ்பீக்கர் இரண்டும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன.

"அக்கா, அப்ப நீங்க கேட்டதே இல்லிங்களா?"

"என்னத்த?"

"அல்லாவே. அவன் வாசிச்சத."

"தொம் தொம்முன்னு கேட்டிருக்கேன்."

அவன் ஸ்பீக்கர்களை வெளியே இழுத்தான். உறையைப் பிரித்தான். ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைச் சொருகினான். நீ வாசித்ததையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறாய் என்றான். தேதி வாரியாக வரிசையாக இருந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமையை எடுத்துப் போட்டான்.

சவரி, நான் என்ன எழுதுவேன். எனக்கு இசை தெரியாது. முதலில் ஒரு மெல்லிய குரல் தனியாக வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு. அப்புறம் மூன்றாவது. கடைசியாகக் கீழேயிருந்து, நான் ஒன்பது வருஷமாகத் தொம் என்று கேட்ட இடத்திலிருந்து, ஒரு பெரிய குரல் எழுந்தது. அடுக்களையில் தட்டுகள் அதிர்ந்தன. என் தம்பி இவ்வளவு பெரிய ஆளா? ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தேனே? எனக்கு அழுகை வரவில்லை. உன்னை இழுத்துவைத்து அறைய வேண்டும் போலிருந்தது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது நடுவில் நின்றது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் மிக அடியிலிருந்து ஒரே ஒரு சுரம், நீளமாக. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அவ்வளவுதான்.

"இது தப்புக்கா," என்றான் நாசர். "கால் தவறிப் பட்டிருக்கும். இந்த எடத்துல இந்தச் சுரமே வராது."

"இன்னொண்ணு போடு."

போட்டான். வேறொரு நாள். நடுவில் நின்றது. ஒரு நொடி. அதே சுரம். இன்னொன்று. அதே மாதிரி. நாசர் பதிவு முடிந்த நேரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். எல்லாம் இரண்டு மணி.

கால் தவறிப் பட்டதல்ல என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அது எனக்கு நீ சொன்ன பதில். என்னிடம் பேசுவதற்கு அந்த ஆர்கனிலேயே பெரிய குழாயை எடுத்திருக்கிறாய். எனக்கு வந்து சேர்ந்தது பலகைச் சத்தம்.

வாசலில் கிடந்த பலகைகளை அன்றைக்கே நாசரும் நானும் உள்ளே கொண்டுவந்து சேர்த்தோம்.

மறுநாள் செல்வராசு வீட்டுக்குப் போனேன். முப்பதாம் நாள் பூசையில் உன் வாசிப்பைப் போட வேண்டும் என்று கேட்டேன். அவர் இருமிக்கொண்டே சொன்னார்: "பூசையில பதிவு பண்ணுனதப் போடக் கூடாதும்மா. ஆள் உக்காந்து வாசிக்கணும். அது சட்டம்."

"ஆள் உக்காந்து வாசிச்சப்ப நீங்க எந்திரிக்கச் சொன்னீங்க. ஒங்க டும் டக்காவ எந்த ஆள் உக்காந்து அடிக்கிறாரு?"

மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார். வயசாகிவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்வானேன். குனிந்தபடியே, "பூசைக்கு அப்பறம் வீட்டுல போடு ரெஜினா. நான் வர்றேன். முழுசா இருக்கறது ஒண்ணு எடுத்து வையி" என்றார்.

முழுசாக இருப்பது ஒன்று. நாசரும் நானும் மூன்று நாள் உட்கார்ந்து தேடினோம். அந்தப் பாட்டு முழுசாக வாசிக்கப் பத்து நிமிஷம் ஆகும் என்றான் நாசர். முதல் முக்கால் மணி நேரம் துண்டு துண்டாகப் பழகுவாய். கடைசியில்தான் பதிவைப் போட்டு முதலிலிருந்து வாசிப்பாய். அந்த நேரத்துக்குச் சரியாக நான் கரண்டியோடு வந்து நிற்பேன். ஒன்றுகூட முழுசாக இல்லையடா. எல்லாம் என் தட்டில் முடிகிறது.

"பத்து நிமிஷம் பொறுக்கா" என்று சொல்ல உனக்கு வாய் இல்லையா? சோறு ஓடியா போய்விடும்?

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு தடவை ஊசி போட்டுக்கொண்டு உனக்காகக் காத்திருந்து, சர்க்கரை இறங்கி அடுக்களையில் விழுந்தேன். அப்போதும் நீ இல்லாமல் தனியாகச் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தவள் நான். அதற்கப்புறம் நீ ஒரு நாளும் தாமதித்ததில்லை. என் வீம்புக்காக நீ உன் பாட்டை நடுவில் வெட்டிக்கொண்டிருந்தாய். அதையும் சொல்லாமலே செய்தாய். இதற்கு உன்மேல் கோபப்படுவதா, என்மேலா? இரண்டு பேர்மேலும்தான் படுகிறேன். போதவில்லை.

நேற்று பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் இலை போட்டாயிற்று. ஸ்பீக்கர் இரண்டையும் நாசர் தெருவைப் பார்த்து வைத்தான். கடைசி ஞாயிற்றுக்கிழமையைப் போடச் சொன்னேன். பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. செல்வராசு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காரவில்லை. நடுவில் நின்றதும் சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அந்த அடிச் சுரம் வந்து கூடமெல்லாம் நிறைந்து, அடங்கியது.

"அவ்வளவுதானா?" என்றார் செல்வராசு.

"அவ்வளவுதான். சாப்புட வர்றேங்குறான்" என்றேன்.

நான் சோற்றைப் பரிமாறினேன். செல்வராசுக்கும் பரிமாறினேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நாசர் எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை; உன் அறை நீ விட்டபடி இருக்கிறது, ஹெட்போன் மட்டும் கிடையாது. அதை நான் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுவிட்டேன். துணி வெட்டும் கத்தரி. முனை மழுங்கிவிட்டது.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும், இந்த வாக்கின் விலையும் தெரியும். இனிமேல் இரண்டு மணிக்கு ஊசி போட்டதும் நானே சோறு போட்டுத் தின்றுவிடுவேன். யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன். உன் கதவைத் தட்ட மாட்டேன். அவசரமில்லை சவரி, நீ முழுசா வாசித்து முடித்துவிட்டு வா.

உன் பங்கை மூடி வைத்திருக்கும்,
ரெஜினா அக்கா