காந்தா டீச்சரின் டிஸ்க்

6 ஜனவரி 2025, திங்கள்

ஏதோ ஒரு கம்பெனி கழித்துக்கட்டிய பத்து கம்ப்யூட்டர்கள் இன்று எங்கள் பள்ளியில் வந்து இறங்கின. சிடி டிரைவ் அத்தனையும் பழுது, பென்டிரைவிலிருந்தும் கிளம்பாத பழசு. விண்டோஸுக்குப் பதிலாகப் போட வேண்டிய இலவச லினக்ஸை நேரடியாக ஏற்ற வழியே இல்லை. ஒவ்வொன்றின் ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றி, ஆசிரியர் அறையில் இருக்கும் நல்ல கம்ப்யூட்டரில் மாட்டி, லினக்ஸ் போட்டு, திரும்ப அதனதன் இடத்துக்கே அனுப்ப வேண்டும்.

அந்த நல்ல கம்ப்யூட்டரைப் புழங்குவது கன்னட ஆசிரியை காந்தா டீச்சர். பொம்மனஹள்ளிக்குப் பிழைக்க வந்த நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகள் கன்னடத்தில் தேற வேண்டுமென்று, தமிழ் விளக்கத்தோடு பதினோரு வருடமாகப் பயிற்சித்தாள்கள் தயாரித்து அதில் வைத்திருக்கிறார்.

"எல்லாம் அதுலதான் இருக்கு எத்திராஜ் சார். பத்திரம்."

"உங்க டிஸ்க்கக் கழட்டி ஓரமா வெச்சுட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பேன் டீச்சர்."

பெரிய நிபுணன் மாதிரிச் சொன்னேன்.

10 ஜனவரி

ஆறு முடிந்தது. திருகாணி கழற்றிக் கழற்றி விரலெல்லாம் காயம். பிள்ளைகள் ஜன்னலில் தொங்கி வேடிக்கை பார்க்கிறார்கள். எனக்கும் பெருமையில் கொஞ்சம் தலைகால் புரியவில்லைதான்.

11 ஜனவரி, சனி

என்ன பண்ணித் தொலைச்சேன் நான்!

ஏழாவது டிஸ்க். ஒவ்வொரு தடவையும் காந்தா டீச்சரின் டிஸ்க்கைக் கழற்றி மாட்டி அலுத்துவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும், பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதாதா என்று இன்று மாட்டியபடியே விட்டேன். திரையில் இரண்டு டிஸ்க், இரண்டும் எண்பது ஜிபி. ஒன்றைத் தட்டினேன். முழுவதும் அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன்.

முடித்து, ஏழாவதை அதன் கம்ப்யூட்டரில் மாட்டினால் பழைய கம்பெனி பெயரோடு விண்டோஸ் எழுந்து வருகிறது. அப்போ லினக்ஸ் எதுல ஏறுச்சு? — கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

பதினோரு வருஷம்.

13 ஜனவரி

லீவு போட்டுவிட்டு, டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு ஓடினேன். "மேலயே எழுதிட்டீங்களே சார்" என்றார் கடைக்காரர். ஒன்றும் தேறவில்லை.

15 ஜனவரி

காந்தா டீச்சரிடம் சொல்லிவிட்டேன். சொன்னது பொய். "பழைய டிஸ்க் டீச்சர், தானா செத்துப்போச்சு."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "என் தப்புதான் சார். கரண்ட் போறப்பெல்லாம் பட்டுனு ஆஃப் ஆகும், நான் கண்டுக்கல. ஹோகலி, போனது போச்சு. நீங்க மனசு கஷ்டப்படாதீங்க" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்கிறார். எனக்கு!

17 ஜனவரி

மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. முப்பத்தெட்டு பிள்ளைகள்.

20 ஜனவரி, திங்கள்

ஆசிரியர் கூட்டம். தலைமையாசிரியை கேத்தரின் மேடம் பத்து கம்ப்யூட்டருக்காக எனக்குக் கைதட்டச் சொன்னார். கையோடு, "ஸ்கூல் பொருளக் கவனமா வெச்சுக்கணும் காந்தா" என்றார். காந்தா டீச்சர் எழுந்து நின்று "சாரி மேடம்" என்றார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்க எத்தனை நொடி ஆகியிருக்கும்? வெட்கங்கெட்டவன்.

21 ஜனவரி

சொன்னேன்.

"டிஸ்க் தானா போகல டீச்சர். நான்தான் அழிச்சேன்."

"நேத்து நான் எழுந்து நின்னனே, அப்பவும் தெரியும் உங்களுக்கு?"

"தெரியும்."

"மேடம்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

சொன்னேன். மேடம் அரை மணி நேரம் திட்டினார். அது உறைக்கவே இல்லை. காந்தா டீச்சர் திட்டியிருக்கலாம்.

30 ஜனவரி

ஒன்பது நாளாக அவர் என்னோடு பேசவில்லை. அவர் கொடுத்த தாள்கள் யாரிடமாவது மிச்சம் இருக்குமா என்று பழைய மாணவர்களின் வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். இன்று இளவேனில் வீடு. இப்போது கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாள். பரணிலிருந்து ஒரு கட்டு இறக்கினாள். அறுபத்துநான்கு தாள்கள். "காந்தா மிஸ் குடுத்தது சார், எடைக்குப் போட மனசு வரல."

கொண்டுவந்து காந்தா டீச்சர் மேசையில் வைத்தேன். எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

8 பிப்ரவரி, சனி

காந்தா டீச்சர் வரச் சொல்லியிருந்தார். நான் வாசிக்க, அவர் தட்டச்சு செய்தார். என் கன்னடத்தில் வரிக்கு நாலு தப்பு, சிரிக்காமல் திருத்தினார். பதினேழு தாள்கள் முடிந்தன. மத்தியானம் தன் டப்பாவிலிருந்து எனக்கும் சித்ரான்னம் வைத்தார். சாப்பிடவே கூச்சமாக இருந்தது.

கிளம்பும்போது, அடித்ததையெல்லாம் ஏற்றியிருந்த பென்டிரைவைக் கழற்றினார்.

"குடுங்க டீச்சர், இன்னொரு காப்பி போட்டு வெக்கறேன்" என்று கை நீட்டினேன்.

"வேண்டாம் சார்" என்று கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார். கோபமாக இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.